அரைப்புள்ளி

சங்கானைச் சந்தியில் இருந்து
நூற்றுப் பதினாறு அடி, பிறகு கான்.
கானைத் தாண்டினால் கணினி நிலையம்.
வாசலில் மாபிள் கல்.
திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், நிதி தந்த நாடு,
எல்லாம் ஆழமாய் வெட்டியிருக்கிறது.
விரலால் தடவி வாசித்தேன்.
அந்தக் கட்டடத்தில் ஒருவர் துணையும் இல்லாமல்
நான் வாசித்தது
அது ஒன்றுதான்.

சரிவுப் பாதை இருக்கிறது, பொய் சொல்லக்கூடாது.
அதில் சைக்கிள்கள் நிற்கின்றன.
சக்கரக் கதிரையோடு கீழே நின்று தயாபரன்
"ஆற்றை சைக்கிள்?" என்று மூன்று தரம் கூப்பிட்டான்.
மின்விசிறி மட்டும் பதில் சொன்னது.

ஹெட்போன் அலுமாரிக்குள்.
திறப்பு சிவகௌரி மிஸ்ஸிடம்.
மிஸ் கச்சேரியில், கூட்டத்தில்.
என்ன கூட்டம் என்று கேட்டேன்.
"உங்களைப் போல ஆக்களைப் பற்றித்தான் அக்கா"
என்றான் பெடியன்,
பகிடி இல்லாமல்.

சரி, ஊருக்கே கேட்கட்டும் என்று
குரலைத் திறந்துவிட்டேன்.
அப்பாவின் இரண்டு பரப்புக் காணிக்குப் படிவம்.
முதல் வரி:
என். ஜி. ஏ. யூ. அரைப்புள்ளி.
இரண்டாம் தரமும்
என். ஜி. ஏ. யூ. அரைப்புள்ளி.
பக்கத்து மேசையில் ஆரோ சிரித்தார்கள்.
"கொம்பியூட்டருக்கு விசர்."

விசர் இல்லை.
அது பாமினி.
கண்ணுக்கு மட்டும் தமிழ் உடுத்தி
உள்ளே ஆங்கில எழுத்தாய் இருக்கிற எழுத்துரு.
பார்ப்பவர்களுக்கு அது தெரியாது.
குரலுக்கு உடுப்புத் தெரியாது.

கண் போக முதல்
கூட்டுறவுச் சங்கத்தில் ஒன்பது வருசம்
நான் பாமினியில்தான் ரைப் அடித்தேன்.
மா, சீனி, மண்ணெண்ணெய்,
நிலுவை, நிலுவை, நிலுவை.
கண் மறந்தது. விரல் மறக்கவில்லை.

வெறும் மேசையில் கையை வைத்தேன்.
குரல் சொல்லச் சொல்ல அடித்தேன்.
என், ஜி, ஏ, யூ:
பெயர்.
அதுதான் கேட்டிருக்கிறார்கள், என் பெயரை.
'ர்' மேல் இருக்கவேண்டிய புள்ளி
கழன்று விழுந்து
அரைப்புள்ளியாய்க் கிடந்தது.

எவ், எச், செட், பி.
இடச் சுட்டுவிரல், வலச் சுட்டுவிரல்,
இடச் சின்னிவிரல் கீழே இறங்க
வலச் சின்னிவிரல் மேலே ஏற:
காணி.
பலகையில் இருந்து அப்பாவின் காணி எழும்பி வந்தது,
வேலி, கிணறு, பக்கத்து வீட்டுக்காரனின் பூவரசு எல்லாத்தோடும்.

நான்கு பக்கம். மூன்று மணித்தியாலம்.
முடிய, பெடியன் கை தட்டினான்.
"சூப்பர் அக்கா."
எனக்குக் கோபம் வந்தது.
தயாபரன் வந்தால் அவனுக்கு வாசல்.
நாளைக்கு யோகபுரத்துப் பிள்ளை வந்தால்,
பிறவியிலேயே பார்வை இல்லாதவள்,
ஒரு நாளும் பாமினி அடிக்காதவள்,
அவள் எந்த மேசையில் எந்த விரலை வைப்பாள்?
அவளுக்குக் கை தட்டு
என்று சொல்ல நினைத்து
தண்ணி மட்டும் கேட்டேன்.

அன்றைக்கே கடிதம் எழுதினேன், ஒருங்குறியில்.
படிவத்தையும் ஒருங்குறியில் தாருங்கோ,
செலவில்லை, ஒரு பின்னேர வேலை.

ஐந்து கிழமையில் பதில்.
திறந்தேன்.
குரல் ஒரு சொல் சொன்னது:
"படம்."
கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள்.
முத்திரையும் இருக்குதாம், வடிவாய், ஊதா நிறத்தில்.
சிவகௌரி மிஸ் வாசித்துச் சொன்னா:
தங்கள் கோரிக்கை கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது.

வாசித்துவிட்டுக் கனநேரம் பேசாமல் இருந்தா.
அடுத்த திங்கள் நான் போக,
"திறப்பு இனிக் கதவடியில் ஆணியில் தொங்கும்,
நீங்களே எடுக்கலாம்" என்றா.

சுவரில் தேடினேன்.
தோளுயரத்தில் இல்லை.
தலைக்கு மேலும் இல்லை.
கை களைத்துக் கீழே விழ,
இடுப்பளவில்,
குளிர்ந்து தட்டுப்பட்டது.

ஆர் அடித்த ஆணி என்று கேட்கத் தேவையில்லை.
பின்னால் சக்கரம் கிரீச்சிட்டது.
"எண்ணெய் விடோணும்" என்றான் தயாபரன்.
சைக்கிளை ஆரோ எடுத்திருக்கிறார்கள்,
இன்றைக்கு.