கம்ப்ரெஸர் ஷெட்டுக்குப் பின்னால்

பீன்யா, இரண்டாம் ஸ்டேஜ்.
டீ இடைவேளையில் கூட்டிப்போனார் ஒகாதா சான்.
சிவப்பு வாசல்கால்; கதவு கிடையாது.
உள்ளே மீட்டர் பெட்டி அளவில் ஒரு கோயில்.
சிலை இல்லை. ஒரு பிடி அரிசி, கொஞ்சம் உப்பு.

நட்டநடுவில் நடக்கப் போனேன்.
"பேடா பேடா" என்று ஓரத்துக்கு இழுத்தார்.
நடு, சாமி போகிற வழியாம்.

மூன்று நாளாய் டேங்கர் வரவில்லை.
பாட்டில் தண்ணீரை மூங்கில் அகப்பையில் ஊற்றி
முதலில் இடக்கை, அப்புறம் வலக்கை, வாய்.
இடக்கையா முதலில்?
எனக்குள் யாரோ முகம் சுளித்தார்கள்.

இரண்டு முறை குனிந்தார்.
இரண்டு முறை கை தட்டினார்.
தகரக் கூரையிலிருந்து புறா ஒன்று எழுந்து போனது.

அல்சூர் கோயிலில் நானும் தட்டுவேன்,
சண்டிகேசுவரர் முன்னால்:
பாருமய்யா, எதையும் எடுத்துப் போகவில்லை.
போகும்போது தட்டுவது அது.
இது, வந்திருக்கிறேன் என்று தட்டுவது.

நானும் தட்டினேன்.
எந்தத் தட்டல் என்று
சாமிக்கே குழம்பியிருக்கும்.
ஏப்ரன் பையில்,
வீட்டுக் குழாய் ஒழுகுகிறதென்று
ஸ்டோரில் கேட்காமல் எடுத்த
ஓ-ரிங் ஒன்று.

கடைசியாய் இன்னொரு முறை குனிந்து நிமிர்ந்து
என்ன கேட்டாய் என்றார்.

டேங்கர், என்றேன்.