பால்கல்லாங்காடு, நூற்றுப் பதினாறு ஏக்கர்

மூலனூர்த் தடத்தில் கிளுவை வேலி முடிகிற இடத்தில்
தாரும் முடிந்துவிடுகிறது.
அதற்கப்புறம் வெங்கச்சங்கல் பொடிதான்.
சித்திரை வெயில் அதில் பட்டுக்
கீழேயிருந்தும் அடிக்கிறது.
குடை பாதி வெயிலுக்குத்தான் ஆகும்.

சூரியத் தகடு பதிக்கிற கம்பெனிக்கு
அளந்து கொடுக்க வந்தவள் நான்.
படிவத்தில் ஏற்கெனவே அச்சடித்திருக்கிறார்கள்:
நிலத்தின் தன்மை, தரிசு.
குடியிருப்பு, இல்லை.
கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது.

முதலில் குழி.
லாரி சுற்றிச் சுற்றி இறங்கிய தடம்
சங்கின் உட்புறம்போல் வளைந்து போய்ப்
பச்சைத் தண்ணீரில் முங்குகிறது.
கல் கட்டிக் கயிறு விட்டோம்.
கயிறுதான் தீர்ந்தது.
‘ஆழம்: கயிறு போதவில்லை’ என்று எழுதிவிட்டு
அடித்தேன். அப்படியெல்லாம் எழுத முடியாது.

எடைமேடையின் முள்
பதினோரு டன் முன்னூற்று நாற்பதில் நிற்கிறது.
கடைசி லாரி போய் எத்தனை வருசமோ
அதன் பாரத்தை இது இன்னும் இறக்கவில்லை.
முக்காலி தூக்கி வந்த கார்வேந்தன்
மேலே ஏறிக் குதித்துப் பார்த்தான்,
அறுபத்தெட்டு கிலோ, நேற்றைய பரோட்டாவோடு.
முள் அசையவில்லை.
“ஆளையெல்லாம் இது கணக்குல எடுக்காதுங்க்கா.”
சிரிப்புக்குத்தான் சொன்னான்.

மேனேஜர் பங்களாவுக்குக் கூரையில்லை.
குளியல் தொட்டி இருக்கிறது. வெள்ளைப் பீங்கான்.
அதில் செம்மறிகள் தண்ணீர் குடிக்கின்றன.
குடத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தவள்
ஒரு காதில் மட்டும் பாட்டுக் கேட்டபடி
பெயர் பாவாத்தாள் என்றாள்.
இங்கே ஊர் இருந்ததாமே என்றேன்.
“ஊருன்னு ஆருங் சொன்னது?
சம்பளமிருந்துச்சுங். அது நின்னுச்சு, போயிட்டாங்க.”
மற்றக் காதிலும் மாட்டிக்கொண்டாள்.

சரி. அளக்க வேண்டியது பாக்கி.
லைன் வீடுகள் நாற்பத்திரண்டு.
கதவுகளை யாரோ நிலவோடு பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.
சில அறைகளில் சீமைவேலான் நெஞ்சளவு.
ஏழாம் எண்ணில் கரித்துண்டால் எழுதிய கணக்கு:
கறிக்கடை பதினாலு
நோம்பி முன்பணம் ஐம்பது
ராக்கியண்ணன் தரோணும் ரெண்டு, ரெண்டு, ரெண்டு.
மூன்றாவது ரெண்டு மட்டும் அடிபடவில்லை.

பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுச்சுவரில்
ஒரு செங்கல் இல்லை.
விழுந்ததல்ல. எடுத்தது.
ஒன்பதுக்கு மூன்று அங்குலம்.
நான்கு விளிம்பும் வழவழவென்று
உரல் வாய்போலத் தேய்ந்திருக்கிறது.
மற்றதெல்லாம் சொரசொரப்பு.

குழம்புக் கிண்ணம் போயிருக்காது, உயரம் பற்றாது.
தீப்பெட்டி போகும்.
உப்புப் பொட்டலம், படுத்த கரண்டி,
இந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் யாருக்கோ தூக்கம் வராத இரவில்
மெதுவாய்ப் பேசினால் பேச்சும் போகும்.
எத்தனை தரம் போனால் செங்கல் இப்படித் தேயும்?
அதற்கு என்னிடம் கருவியில்லை.

முழங்கை வரை உள்ளே விட்டேன்.
அந்தப் பக்க நிழல் குளிர்ச்சியாக இருந்தது.
எடுக்கத் தோன்றாமல் நின்றபோது
விரல்களில் ஏதோ ஈரமாய்ப் பட்டது.
பதறிவிட்டேன், பாம்பென்று.
பாட்டில்.
கார்வேந்தன் எப்போது பதினெட்டுக்குள் போனானோ
“குடிங்க்கா, மொகமெல்லாம் செவந்து கெடக்குது” என்றான்
சுவருக்கு அப்புறமிருந்து.
பாதி குடித்து, மூடி,
வந்த வழியே தள்ளினேன்.
வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் காரில் உட்கார்ந்து படிவத்தை முடித்தேன்.
கட்டுமானம் நாற்பத்திரண்டு, நிலை சிதைவு.
தரிசு என்பதை அடிக்க எனக்கு அதிகாரமில்லை.
வரைபடத்தில் பதினேழாம் சுவரில்
கோட்டை அங்கே மட்டும் விட்டு வரைந்தேன்.
பென்சில் முனை அளவு இடைவெளி.
அச்சில் தெரியாது.