ஆறு போத்தல்

கோதுமையும் பார்லியும் ஆகாதென்று
பதுளை ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததிலிருந்து
ரொட்டி இல்லை, பியரும் இல்லை.
ரொட்டியை மறந்துவிட்டேன்.

மொனராகலைக் குரக்கன் மூன்று கிலோ.
ஊறவைத்து ஈரச் சாக்கில் கட்டி
நாலாம் நாள் பிரித்தால்
வெள்ளை வெள்ளையாய் மீசை.
ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற கை,
எப்போது போதுமென்று விரலுக்குத் தெரியும்.
உலர்த்தி, இடித்து, காய்ச்சி,
தோடம்பழத் தோலும் கொத்தமல்லியும் போட்டு
ஆறியதும் ஈஸ்ட் தூவி வாளியை மூடினேன்.

அப்புத்தளைக் குளிர்.
இரண்டு நாள் ஒரு குமிழி இல்லை.
அருமைநாயகத்தின் கம்பளிச் சட்டையை
வாளிக்கு மாட்டினேன், கழுத்துப் பட்டன் வரைக்கும்.
போர்வைக்குள்ளிருந்து பார்த்தார்.
"அதுக்குக் காய்ச்சலா?"

மூன்றாம் இரவு குழாயில்
பொளக்.
வெகுநேரம் கழித்து, பொளக்.

எந்த நாட்டிலோ
அறுப்புக்காரருக்கென்று பண்ணையிலேயே காய்ச்சினார்களாம்
இந்த வகையை.
நாங்கள் மலையில் நின்றதற்கு
வெறும் சாயம் ஊற்றினார்கள்,
சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டோம்.

ஆறு போத்தல் அடைத்தேன்.
நடுச்சாமத்தில் ஒன்று வெடித்தது.
அடுத்த லயத்துச் சின்னக்காளை
டோர்ச்சோடு ஓடிவந்து மோப்பம் பிடித்து
"கசிப்பா?" என்றான்,
ஆசையாக.

இல்லையென்றதும் முகம் விழுந்துவிட்டது.

ஞாயிறு திறந்தேன்.
புளிப்பு. மழை விழுந்த மண்போல ஒரு வாசம்.
நுரை எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.
ஆறு வருசத்துக்குப் பிறகு
தொண்டையில் அந்தக் குறுகுறுப்பு.
வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

அருமைநாயகம் கிளாஸை நீட்டினார்.
"சட்டைக்கு வாடகை."

கால் கிளாஸ் ஊற்றினேன்.