பின் இடது

களுவாஞ்சிக்குடியில் காரை எடுக்கும்போது இல்லை.
ஓந்தாச்சிமடம் தாண்டத்தான் வந்தது:
மஞ்சள் நிறத்தில் ஒரு லாடம், நடுவில் ஆச்சரியக்குறி,
கீழே யப்பான் எழுத்தில் ஒரு வரி.

பின் ஆசனத்தில் மூன்றடுக்குக் கேக்.
ஏசியை உச்சத்தில் வைத்து
மணப்பெண்ணைக் கூட்டிப் போவதுபோல்
முப்பதிலேயே போகிறேன்.
பன்னிரண்டரைக்குக் கல்முனை மண்டபத்தில் இருக்கவேண்டும்.

கோட்டைக்கல்லாறு ஷெட்டில் காத்தடித்தேன்.
நாலுக்கும் முப்பத்திமூன்று என்றான் பையன்.
லாடம் போகவில்லை.
பெரியகல்லாற்றில் இறங்கி
வத்தகப்பழம் பார்ப்பதுபோல் தட்டிப் பார்த்தேன்.
நாலும் ஒரே சத்தம்.

கட்டாரிலிருந்து சிவநேசன்,
'ரீசெட் பட்டன் ஒண்டு இருக்கும், அமத்திப் பிடி' என்றார்.
எது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
ஸ்டியரிங்குக்குக் கீழே கைக்கு அகப்பட்டதை அமத்தினேன்.
பக்கக் கண்ணாடி இரண்டும் மடிந்துகொண்டன,
போதும், இனிக் கேட்கமாட்டேன் என்று
காதைப் பொத்தியதுபோல்.

மருதமுனையில் ஜவாத்தின் ரயர் கடை.
அவர் ரயரைப் பார்க்கவே இல்லை.
'நிப்பாட்டிட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க.
மினுங்குதா, நிண்டு எரியுதா?'

மினுங்கியது.
நான் எண்ணினேன்: அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது.
பிறகு அசையாமல் நின்றது.

'அப்ப காத்தில குறை இல்ல, மிஸ்.
காத்துக் குறைஞ்சா முதலே நிண்டு எரியும்.
இது வேற. நாலுல ஒண்டு பேசுதில்ல.'

கடைப் பொடியன் போனை நீட்டி
யப்பான் வரியைப் படம் எடுத்தான்.
ரயர் என்ற சொல் அதில் இருந்தது,
ஆனால் பழுது ரயருக்கு இல்லை,
ரயரைக் கவனிக்கிற ஏற்பாட்டுக்கு.
ஓந்தாச்சிமடத்திலிருந்து அது சொன்னது இவ்வளவுதான்.
நான் காத்தடித்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

ஒரு சிறு கருவியை ஒவ்வொரு வால்வுக்கும் கிட்டப் பிடித்தார்.
முன் வலது: பீப். முப்பத்திமூன்று.
முன் இடது: பீப்.
பின் வலது யோசித்துவிட்டு: பீப்.
பின் இடதில் கருவி சுற்றிச் சுற்றித் தேடியது.
திருப்பிப் பிடித்தார். காத்தைக் கொஞ்சம் விட்டு, பிடித்தார்.
ஸ்ஸ் என்றது ரயர். கருவிக்கு ஒன்றும் கேட்கவில்லை.

உள்ளே நகமளவு பற்றரி.
பத்து வருசமாய் உருளும்போதெல்லாம்
தன் இலக்கத்தையும் காத்தின் கணக்கையும்
சொல்லிக்கொண்டிருந்ததாம்.
மாற்ற முடியாது, பிசின் ஊற்றி மூடியிருக்கிறது.
முழுசாய்ப் புதிது போடவேண்டும்,
கொழும்பிலிருந்து மூன்று நாள்,
விலை இந்தக் கேக்கின் மேலடுக்கும் நடுவடுக்கும்.

'இல்லாட்டி' என்றார் ஜவாத்,
கறுப்பு ரேப் சுருளை எடுத்தபடி,
'கனபேர் இத ஒட்டிட்டுப் போறாங்க.'

சிரித்தோம். நான் வேண்டாம் என்றேன்.
அவர் விட்ட காத்தைத் திருப்பி அடித்தார்,
காசு வாங்கவில்லை.
பின்கதவால் எட்டிப் பார்த்து,
'மேல இரிக்கிற பூவில ஒரு இதழ் உழுந்திருக்கு' என்றார்.

பாண்டிருப்புத் தாண்டும்வரை அந்த இதழைத்தான் நினைத்தேன்.
லாடம் எரிந்துகொண்டே வந்தது,
நான் எண்பதுக்கு அமத்தினேன்.
மண்டபத்து வாசலில் குளிர்ந்த கத்தியால்
பூவைத் திருப்பி வைத்தேன்.
பெண்ணின் தாய் பார்க்கவில்லை,
அல்லது பார்த்தும் பேசவில்லை.

ஒரு மாதமாகிறது. புதிது இன்னும் வாங்கவில்லை.
எழுநூறு ரூபாய்க்கு ஒரு காத்துமானி,
ஐசிங் மூக்குகளோடு அதே டப்பாவில் கிடக்கிறது.
காலையில் கேக் ஏற்றமுதல்
பின் இடது பக்கம் போய்க் குந்துகிறேன்.
மூடியைக் கழற்றி அமத்த, ஒரு சின்ன ஸ்ஸ்.
முப்பத்தொன்று.
நேற்று முப்பத்திரண்டு.