ஐந்து ஐம்பது வண்டி

செட்டிநாடு ஸ்டேஷன்.
முகூர்த்தமில்லா ஆடிதான் என் மாசம்.
கல்யாண ஆல்பங்களை ஓரங்கட்டிவிட்டு
ஐந்து ஐம்பது வண்டிக்குக் காத்திருப்பேன்,
இது மூன்றாவது வருஷம்.
வேண்டியது ஒரு மயில்,
முகவிளக்குக்குக் குறுக்கே பறக்கையில்
தோகை முழுக்க வெளிச்சம் ஏறி.
அவ்வளவுதான்.
ஆவணி பிறந்தால் தோகை உதிர்ந்துவிடும்.

"வண்டி வந்தா ஒதுங்கணும்னு
அதுக்குத் தெரியும் தம்பி, உனக்குத்தான்..."
என்பார் கேட்கீப்பர் அடைக்கலம்.

இன்று பறந்தது.
பொத்தான்மேல் விரல் இருந்தது.
விரல் இருந்த ஞாபகம்
வண்டி போனபிறகுதான் வந்தது.

முதல் பெட்டி வாசலில்
பிரஷ்ஷைக் கடித்தபடி ஒருவன்
செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.
அவனுக்குச் சிக்கியிருக்கும்,
கலங்கலாகவாவது.

படத்தின் ஓரத்தில்
கேமராவைக் கட்டிக்கொண்டு
வாய் பிளந்து நிற்பேன் நான்.
எந்த ஊரில் இறங்குவானோ.