பையப்பனஹள்ளி அவுட்டர்

மாலூர் வரைக்கும் சின்னதே போதும்.
சாம்பல் நிறப் பெட்டிகளாக ஒரு சமையலறை:
மேடை ஒரு பெட்டி, அலமாரி ஆறு பெட்டி,
ஜன்னல் என்பது சுவரில் ஒரு வெட்டு.
விசிறி சுற்றவில்லை. ஐம்பத்திரண்டு சதவீதம்.
மடியில் கணினி இருப்பதே தெரியவில்லை.

இதற்குள் படம் வரைய இரண்டு சிப்.
ஒன்று பிராசஸரோடு ஒட்டிப் பிறந்தது,
போட்டதைத் தின்று சொன்னதைச் செய்யும்.
மற்றதற்காகத்தான் இருபத்துநாலு மாதத் தவணை.
பேட்டரியில் ஓடும்போது அது எழுந்திருக்காது,
தனியாகப் பத்திரிகை வைத்தால்தான் வருகிற
சம்பந்தி மாதிரி.

பத்து மணிக்குப் பில்டருக்குப் படம் போக வேண்டும்.
ஹென்னூரில் இன்னும் அஸ்திவாரம் தோண்டாத
பதினோராம் மாடியின் சமையலறை.
காலை வெயில் விழணும் என்றார் நாகேந்திர ரெட்டி.
கிழக்கே அவருடைய இரண்டாவது டவர் வரப்போவது
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒயிட்ஃபீல்டு தாண்டியதும் மாற்றினேன்.
திரை ஒரு கணம் கறுத்தது.
அந்தக் கறுப்பில் என் முகம், பின்னால் தொங்கும் பைகள்,
யாருடையதோ ஒரு டிபன் கேரியர்.
பிறகு விசிறி பிடித்துக்கொண்டது.
எதிர் சீட்டில் தூங்கிய பையன் திடுக்கிட்டு எழுந்து
இறங்க வேண்டிய இடமா என்று வெளியே எட்டிப் பார்த்தான்.

முதலில் மணல். திரை முழுக்க மணல்.
மணலுக்குள்ளிருந்து கிரானைட் மேடை மேலெழும்பியது.
ஜன்னலிலிருந்து ஒரு வெளிச்சக் கோடு,
சிங்க்கின் வளைவுக்கு வந்ததும்
அதுவும் வளைந்தது. அதை நான் சொல்லித்தரவில்லை.
நாற்பத்தொன்று. முப்பத்தாறு.
தொடை எரிந்தது. அளவு எழுதும் நோட்டை
அடியில் செருகிக்கொண்டேன்.
முப்பத்திரண்டு.

பையப்பனஹள்ளி அவுட்டரில் வண்டி நின்றது.
தினமும் நிற்கும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.
என் தோளில் சாய்ந்திருந்த ஜசிந்தா அக்கா கண் திறந்தாள்.
கார்மென்ட்ஸில் காலர் தைப்பவள். உரிகத்தில் ஏறுவாள்,
உட்கார்ந்த அடுத்த நிமிடம் தூங்கிவிடுவாள்.
திரையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"யார் வீடு?"
"இன்னும் யாரும் வாங்கல."
"கிரைண்டர் எங்க வெப்பாங்க?"

காபி மெஷினுக்கு இடம் இருந்தது.
ஒயின் பாட்டில் சாய்த்து வைக்க எட்டுப் பொந்து இருந்தது.
"இத்தனூண்டு மேடைல தூக்கி வெச்சா
மாவு ஆட்டுறப்ப நடந்து நடந்து கீழ விழும்டி.
எங்க வீட்டுது விழுந்து என் கால் வெரல் போச்சு."
அவள் விரல் திரையைத் தொட்டது.
வெளிச்சக் கோட்டின்மேல்
வெள்ளை நூல் ஒன்று ஒட்டிக்கொண்டது.

பாதி மணலும் பாதி வீடுமாக நிறுத்தினேன்.
பெரியதை அணைத்தேன். மறுபடி அந்தக் கறுப்பு,
இந்த முறை இரண்டு முகம்.
விசிறி இறங்கி இறங்கி அடங்கியபின்தான்
பெட்டியில் இத்தனை பேர்
பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

சாம்பல் பெட்டிகள்.
சிங்க்குக்கு இடப்பக்கம், தரையிலிருந்து இரண்டடியில்
இழுத்தால் வெளியே வரும் ஒரு பலகை.
"இன்னும் கொஞ்சம் தாழ."
தாழ்த்தினேன்.
"பாத்திரம் கழுவுற தண்ணி தெறிக்கும். அந்தாண்ட போடு."
அந்தாண்ட போட்டேன்.
"பிளக்கு?"
அதையும்.
ஒன்றுக்கும் சின்னது திணறவில்லை.
ஒயின் பொந்துகளில் நாலு போயிற்று.
நாகேந்திர ரெட்டி கேட்டால்
என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை.

சிக்னல் விழுந்தது.
அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
கதவுப் பக்கம் நகர்ந்தாள், கன்டோன்மென்ட்டுக்கு
இன்னும் நேரம் இருந்தாலும்.
இருபத்தாறு சதவீதம்.
வெயிலை ஆபீஸ் போய்
பிளக்கில் போட்டு வரவழைத்துக்கொள்ளலாம்.