கனச்செவ்வகம், 2-சி

ஞாயிறு, முதல் பீரியட்.
ஃபஹாஹீலின் வெயில் ஏழரைக்கே
ஜன்னல் கம்பியைச் சுடவைத்துவிட்டது.
மேசைமேல் நான் பரப்பியவை:
காலி டிஷ்யூ பெட்டி, கழுவிய டூனா டின்,
டென்னிஸ் பந்து,
வியாழக்கிழமை யாருக்கோ பிறந்தநாள், அந்தத் தொப்பி.

எது உருளும் எது உருளாது, தொட்டுப் பாருங்கள் என்றேன்.
முப்பத்தாறு பேரும் ஒரே நேரத்தில் தொட்டார்கள்.
பந்து அலமாரிக்கு அடியில் போனது, இன்னும் வரவில்லை.
தொப்பி உருண்டது, ஆனால் எங்கும் போகவில்லை,
தன் முனையையே ஒரு சுற்று சுற்றி
புறப்பட்ட இடத்தில் நின்றது.
"இதுக்கு வழி தெரியல மிஸ்" என்றான் ஜோவின்.
அதைவிட நன்றாக
கூம்பை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வெளியே நீலக்கோடு போட்ட தண்ணீர்க் கோபுரங்கள்.
அது என்ன உருவம்?
கூம்பு. இல்லை, தலைகீழ்க் கூம்பு.
இல்லவே இல்லை, காளான்.
காளான் பாடத்தில் இல்லை என்று சொல்லி
டிஷ்யூ பெட்டியைக் கையில் எடுத்தேன்.

கனச்செவ்வகம்.
முகங்கள் ஆறு, விளிம்புகள் பன்னிரண்டு, முனைகள் எட்டு.
ஒரு முகத்துக்கு ஒரு விரல் மடக்கி
எல்லோரும் எண்ணினார்கள்.
ஒரு கையில் முடியவில்லை என்பதில்
சிலருக்கு வருத்தம்.

வீட்டுப்பாடம்:
உன் வீட்டில் உள்ள ஒரு கனச்செவ்வகத்தை வரைந்து
முகங்களை எண்ணி எழுது.

மறுநாள் வந்தன
பதினான்கு ஃபிரிட்ஜ், ஒன்பது டிவி,
பெரியப்பா ஊருக்கு அனுப்பும் கார்கோ பெட்டி
(எடை முப்பது கிலோ என்றும் எழுதியிருந்தது),
ஒரு லிஃப்ட்.
அப்புறம் தஸ்னீமின் நோட்டு.
வரைந்திருந்தது அவள் அறையை.
முகங்கள்: 5.

சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டே கூப்பிட்டேன்.
சுவர் நாலு, தரை ஒண்ணு, கூரை ஒண்ணு,
கூட்டிப் பார் என்றேன்.
கூட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள்.
"இந்தப் பக்கம் பலகை மிஸ், அதுக்கு அந்தாண்ட ஷீபா ஆன்ட்டி வீடு.
இது ஜன்னல் சுவர். இது பாத்ரூம் சுவர்.
இந்தப் பக்கம் சுவர் இல்ல, திரை.
முகம்னா தட்டையா இருக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க.
ஏசி போட்டா திரை வயிறு மாதிரி உப்பும்.
அப்பா நைட் ட்யூட்டி முடிஞ்சு வந்தா
நடுவுல ரெண்டா பிரியும்."

ஏழு வயது.
என் சட்டத்தை எடுத்து
என்னிடமே நீட்டுகிறாள்.

ஏசி நின்றால்? என்று கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது, தெரியும்.
யோசித்தாள்.
"அப்ப ஆறு.
ஆனா ஏசி நிக்காது மிஸ், செத்துருவோம்."

பெட்டியை அவளே வாங்கி
ஒரு பக்கத்தைக் கத்தரியால் வெட்டினாள்.
என் கைக்குட்டையை அங்கே செருகிவிட்டு
உள்ளே கண்ணை வைத்துப் பார்த்தாள்.
"முகம், முனை எல்லாம் வெளியவே எண்றோம்.
உள்ள எவ்வளவு புடிக்கும்னு எப்படி எண்றது?"

அது அஞ்சாம் வகுப்பில் வரும் என்றேன்.
பொய் இல்லை.
நீளம் பெருக்கல் அகலம் பெருக்கல் உயரம்,
அத்தியாயம் பதினொன்று.
ஒரு கட்டில், ஒரு குக்கர், மூன்று பேர்,
ரெண்டு சூட்கேஸ், மடித்து வைத்த இஸ்திரிப் பலகை,
இவற்றை எந்த வரிசையில் பெருக்குவது என்று
அதில் இல்லை.

5க்கு டிக் போட்டேன்.
வியாழக்கிழமை நோட்டுச் சோதனைக்கு வந்த கோஆர்டினேட்டர்
டிக்கைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து
"விடை 6, கவனிக்கவும்" என்று பச்சையில் எழுதினார்.
அவர் கீழே நான் கையெழுத்திட வேண்டும்.
இட்டேன்.
இட்டுவிட்டு, சின்னதாக,
ஏசி ஓடும்போது 5 என்று சேர்த்தேன்.

கைக்குட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை.
பெட்டி இன்னும் ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது.
மேலே ஏசி.
திரை லேசாக உப்புகிறது, தணிகிறது.